சித்தையன்கோட்டை அம்பாசிடரும் அணையாத சிவப்பு விளக்கும்

மஸ்கட்டிலிருந்து ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் திண்டுக்கல்லுக்கு வந்தது கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ அல்ல. ஒரு பழைய அம்பாசிடர் காரை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நிறுத்திக் காட்டுவதற்காக. கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். விமானத்தில் பக்கத்து இருக்கைப் பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. அவர் தம் மகனின் நிச்சயதார்த்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

சிரிக்கிற விஷயமாக எனக்கு அது இல்லை. என் மாமனார் போன வருடம் தோட்டத்து வரப்பில் விழுந்து, வலது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். முழங்கால் மடங்காது. ஆட்டோவில் அவரால் உட்கார முடியாது. சிறிய கார்களில் முன்பக்கம் கால் இடிக்கும். ஒருமுறை என் கணவரின் நண்பர் தம் புதுக் காரில் அவரை ஏற்றப் பார்த்து, முக்கால் மணி நேரம் போராடி, கடைசியில் மனிதர் வலியில் அழுதுவிட்டார். அம்பாசிடரின் முன்பக்கம் ஒரே நீள இருக்கை. கதவும் அகலம். பக்கவாட்டில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளலாம். அதில்தான் வாரம் மூன்று நாள் திண்டுக்கல் போய் காலுக்குப் பயிற்சி எடுக்கிறார். பயிற்சி இரண்டு மாதம் நின்றால் கால் அப்படியே இறுகிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காரின் பதிவு இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் அதிகாரி வண்டியைப் பார்க்க வேண்டும்.

கணவருக்கு விடுப்பு இல்லை. எனக்கு வேலையே இல்லை என்பதால் விடுப்புக்குப் பஞ்சமில்லை என்று வீட்டில் முடிவாயிற்று. குழந்தை வளர்ப்பது எந்தக் கணக்கில் வருகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று விமானம் ஏறும்வரை யோசித்தேன்.

திங்கட்கிழமை காலை, சித்தையன்கோட்டை வீட்டு வாசலில் காரைப் பார்த்ததும் நிம்மதியாகத்தான் இருந்தது. பால் வெள்ளையில் மின்னியது. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போகும் வண்டிக்கு முதலில் பெயிண்ட் அடிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். லாரியோ டிராக்டரோ, பிரேக் பிடிக்கிறதோ இல்லையோ, நிறம் புதிதாக இருக்க வேண்டும். அதே தெருவில் இருக்கும் கருப்பையா என்ற பெயிண்டர் அடித்திருந்தார். ஒரு மாதமாக மஸ்கட்டிலிருந்து போன் போட்டுப் போட்டு நானே மேற்பார்வை பார்த்த வேலை அது. டயர், ஹாரன், இருக்கை உறை என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகக் கோடு அடித்துக்கொண்டே வந்திருந்தேன். மாமியார் முன்பக்கத்தில் மூன்று சந்தனப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்.

காரை ஓட்டுவது பாண்டி அண்ணன். கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றும் வண்டி ஓட்டுபவர். கூப்பிட்டால் நேரம் ஒதுக்கி வந்து எங்கள் காரையும் ஓட்டிக் கொடுப்பார். அன்றைக்கே மாமாவைப் பயிற்சிக்கு அழைத்துப்போனோம். மாமா முன்னால், நானும் குழந்தை மித்ராவும் பின்னால். மஸ்கட்டில் குழந்தைக்குத் தனி இருக்கை இல்லாமல் கார் நகராது. இங்கே என் இரண்டு கைகள்தான் அந்த இருக்கை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னிருக்கையின் நடுவில் உட்கார்ந்ததால் வேகம் காட்டும் வட்டத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிவது தெரிந்தது. அது என்ன என்று கேட்டேன்.

“அது எரியும் தங்கச்சி,” என்றார் பாண்டி அண்ணன்.

பயிற்சி முடிந்து வந்து சாவியைத் திருப்பினால் ஒரு முக்கல். அடுத்த திருப்பலுக்கு அதுவும் இல்லை. திண்டுக்கல் கடைத்தெருவில், வெயிலில், சாலையோரமாக நின்றோம். மஸ்கட்டில் கார் நின்றால் ஒரு எண்ணை அழைப்போம். சீருடை போட்ட ஒருவர் வண்டியோடு வருவார். நம்மிடம் பேசவே மாட்டார். இங்கே யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை. ஆறு பேர் தாமாக வந்தார்கள், ஆறு பேரும் பேசினார்கள். பூட்டுக் கடைக்காரர் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார். கரும்புச்சாறு விற்பவர், வெள்ளை நிறம் இந்த வண்டிக்கு ராசியில்லை என்றார். கடைசியில் பேட்டரிக் கடைக்காரர் ஒருவர் வந்து, பேட்டரியில் மின்சாரமே இல்லை, ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட வேண்டும் என்று அதைக் கழற்றிக்கொண்டு, தம் கடையின் மாற்று பேட்டரியைப் போட்டு எங்களை அனுப்பிவைத்தார். பேட்டரிதான் காரணம் என்றால் முடிந்தது கதை என்று நான் மகிழ்ந்தேன். மூன்று கிலோமீட்டர் கழித்துச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சிவப்பு விளக்கு இன்னமும் எரிந்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை எங்கள் பேட்டரி திரும்பி வந்தது. கடைக்காரர் சோதித்துப் பார்த்து, பேட்டரி நல்ல பேட்டரி, வண்டி அதற்குச் சோறு போடவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். பாண்டி அண்ணன் பானெட்டைத் திறந்து, டைனமோவைச் சுற்றும் பெல்ட் தளர்ந்திருக்கும் என்று இழுத்து முறுக்கினார். டைனமோதான் வண்டி ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை நிரப்புவது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தெருவில் ஒரு சுற்றுப் போனோம். நான் குழந்தைக்கு ஊட்டுவதைப் போல நடித்துக்கொண்டு விளக்கையே பார்த்தேன். வண்டி மெதுவாக உறுமும்போது விளக்கு ஏறக்குறைய அணைந்தது. வேகம் கூட்டினால் பளிச்சென்று எரிந்தது. கூட்டக் கூட்ட இன்னும் பிரகாசம். சொன்னேன்.

“நல்லதுதான தங்கச்சி. கரண்டு நெறைய வருதுன்னு அர்த்தம்.”

“நல்லதுன்னா எதுக்குண்ணே செவப்புல வச்சிருக்காங்க?”

அவர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டியைப் பற்றித் தெரியாமல் பேசிவிட்டேனோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

மதியம் மாமியார் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்டுக் குழம்பு வைத்து, “வெஞ்சனத்துக்கு என்ன வைக்க, மஸ்கட்டுல தொட்டுக்க என்ன திம்பீக?” என்று கேட்டார். உருளைக்கிழங்கு என்றேன். இங்கே ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து வந்த காய் ஒரு கூடை இருக்கும்போது உருளைக்கிழங்கு கேட்ட மருமகள் என்று இன்றைக்கும் சொல்கிறாராம்.

புதன்கிழமை மறுபடி பயிற்சி. பேட்டரியில் இருப்பதை மிச்சம் பிடிக்க நான் ஒரு சட்டம் போட்டேன். ஹாரன் அடிக்கக் கூடாது, கைகாட்டி விளக்குப் போடக் கூடாது. திண்டுக்கல்லில் ஹாரன் இல்லாமல் கார் ஓட்டுவது என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பாண்டி அண்ணன் ஜன்னல் வழியே கையை வெளியே விட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே வந்தார், தனியார் பேருந்து நடத்துநர் மாதிரி. எதிரே வந்த இரண்டு பேர் எங்கள் வண்டியில் ஏற வந்தார்கள்.

மாமாவுக்கு அன்றைக்கு முழங்கால் போன வாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக மடங்கியது. பயிற்சி கொடுக்கும் பெண் கோணத்தை அளந்து காட்டியபோது அவர் குழந்தை மாதிரி சிரித்தார். விடாமல் வாங்க அய்யா, தீபாவளிக்கு நடந்தே வந்துருவீங்க என்றார் அந்தப் பெண். திரும்பும் வழியெல்லாம் மாமா அதையே இரண்டு மூன்று முறை சொன்னார்.

செம்பட்டி தாண்டி, இருபுறமும் மல்லிகைத் தோட்டமாக இருந்த இடத்தில், கார் இருமி நின்றது. சாவி திருப்பினால் ஒன்றுமில்லை. வீட்டு நிழல் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. மித்ராவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சலா வெயிலா என்று தெரியவில்லை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து ஒப்பிட்டேன். அதுவும் தெரியவில்லை.

பூப் பறித்துவிட்டு வேனில் வந்த ஏழெட்டுப் பெண்கள் எங்களைப் பார்த்து இறங்கினார்கள். இடுப்பில் கட்டிய பூ மடியை வேனுக்குள் அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தள்ள வந்தார்கள். அதில் மூத்தவர் பாண்டி அண்ணனிடம், “ஏப்பா, இம்புட்டு மினுக்குற வண்டி ஓடாதா? பாக்குறதுக்கு மட்டுந்தானா?” என்றார். இன்னொருத்தி முன் இருக்கையை எட்டிப் பார்த்து, “பெருசு மட்டும் உள்ள ராசா கணக்கா உக்காந்திருக்காக. எறங்கச் சொல்லு, நூறு கிலோ கொறையும்,” என்றாள்.

நான் அவசரமாக, அவருக்குக் கால் சரியில்லை என்றேன். சொன்ன வேகத்தில் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தள்ளினார்கள். மாமா கதவுப் பிடியைப் பிடித்தபடி நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தள்ளலில் வண்டி உயிர் வந்து குதித்தது. அந்த மூத்த பெண் என் கையில் ஒரு பிடி மல்லிகையைத் திணித்து, புள்ளைக்கு வெயில் படாம பாத்துக்க ஆத்தா என்றார்.

வீட்டில் வந்து இறங்கியதும் மாமா சொன்னார்: “வெள்ளிக்கெழமையோட இந்த வண்டிக்கு ஒரு முடிவு கட்டிருவோம்மா. ஆச்சுன்னா ஆச்சு. ஆகலைன்னா எடைக்குப் போட்ருவோம். நான் வீட்டுலயே கெடக்கேன்.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விமானம். வெள்ளிக்கிழமை தவறினால் மறுபடி நேரம் வாங்கி, யார் வருவது?

வியாழக்கிழமை காலை பாண்டி அண்ணன் தமக்குத் தெரிந்த ஒரு மின்சாரக் கடைக்காரரை அழைத்து வந்தார். வந்தவர் பானெட்டைத் திறந்து, டைனமோமேல் கை வைத்து, கண்ணை மூடி, நாடி பார்ப்பதைப் போல நின்றார். டைனமோ செத்துவிட்டது, கழற்றி உள்ளே கம்பி புதிதாகச் சுற்ற வேண்டும், நாலு நாள் ஆகும் என்றார். விளக்கு கூடிக் கூடி எரிவதைச் சொன்னேன். லைட்டெல்லாம் பாத்தா வண்டி பாக்க முடியாதும்மா என்றார். மாமியார் உள்ளே போய் எலுமிச்சம்பழம் எடுத்து வந்தார். எனக்கு அழுகை வந்தது. எரிச்சலில் வந்த அழுகை என்பதால் சீக்கிரம் நின்றுவிட்டது.

பேட்டரிக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். செவ்வாய்க்கிழமையே, வண்டி சோறு போடவில்லை என்று சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். பேகம்பூரில் காதர் பாய் என்று ஒருவர் இருக்கிறார், பழைய வண்டி கரண்டு வேலை அவர்தான் பார்ப்பார் என்றார். மாற்று பேட்டரியை மறுபடி கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போனோம்.

காதர் பாய் லுகர் என்னும் மதியத் தொழுகைக்குப் போயிருந்தார். எதிரே பிரியாணிக் கடை. மாமாவுக்குக் காரிலேயே இலை போட்டுக் கொடுத்தார்கள். சீரகச் சம்பா அரிசி, சின்னச் சின்னக் கறித் துண்டு, தொட்டுக்கொள்ளப் பருப்பும் காயும் போட்ட தால்ச்சா. மஸ்கட்டில் பிரியாணி என்றால் நீள அரிசி. நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனி ஆள். இது குட்டை அரிசி, ஒன்றோடொன்று தோள் சேர்ந்து நிற்கிறது. மித்ராவுக்காக ஒரு கறித் துண்டை வெந்நீரில் கழுவி, கிள்ளிக் கிள்ளி ஊட்டினேன். காரமாக இருக்குமோ என்று நானே முதலில் தின்று பார்த்து, சந்தேகத்துக்கு இன்னொன்றும் தின்றேன். மூன்று நாள் கழித்து நான் ஒழுங்காகச் சாப்பிட்டது அப்போதுதான்.

காதர் பாய்க்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வந்தவர் பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, என்னம்மா செய்யுது என்று, மருத்துவர் கேட்பதைப் போல என்னைக் கேட்டார். பாண்டி அண்ணன் பதில் சொல்ல ஆரம்பித்தார். “நீ இருப்பா. பின்னாடி உக்காந்து பாத்தவங்கதான் சரியாச் சொல்வாங்க,” என்றார் பாய்.

நான் விளக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“மிதிக்க மிதிக்க கூடுதா? நெசமாவா?”

ஆமாம் என்றேன். உடனே, ஒருவேளை எனக்குத்தான் அப்படித் தெரிந்ததோ என்றும் சேர்த்துக்கொண்டேன்.

“உங்களுக்குத் தெரிஞ்சதுதாம்மா சரி. அந்த லைட்டுக்கு ஒரு பக்கம் பேட்டரி, ஒரு பக்கம் டைனமோ. ரெண்டும் சமமா இருந்தா எரியாது. டைனமோ செத்துருந்தா மிதிச்சாலும் ஒரே மாதிரிதான் எரியும். கூடுதுன்னா டைனமோ நல்லா கரண்டு குடுக்குது. குடுக்குறத வாங்க ஆளில்ல.”

பிறகுதான் எழுந்தார். டைனமோவிலிருந்து இரண்டு கம்பிகளைக் கழற்றி, அந்த இடத்தை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, ஒரு பழைய பல்பின் ஒரு முனையை அதில் வைத்து, மறு முனையை என்ஜின் உடம்பில் தொட்டார். வண்டி உறும உறும பல்பு பளீரென்று எரிந்தது. காலையில் நாடி பார்த்தவர் இறந்துவிட்டதாகச் சொன்ன டைனமோ அது. பாண்டி அண்ணன் வேறு பக்கம் பார்த்தார்.

கம்பிகளைத் திரும்ப மாட்டிவிட்டு, என்ஜினுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினார். கட்-அவுட் என்று பெயராம். டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் கதவு. உள்ளே ஒரு காந்தம் இருக்கிறது. போதிய மின்சாரம் வந்ததும் அது கதவை இழுத்துத் திறந்துவிடும். ஆனால் அந்தக் காந்தம் வேலை செய்ய, பெட்டி வண்டியின் இரும்பு உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். பாய் ஒரு கம்பியை எடுத்து, பெட்டியின் திருகிலும் என்ஜினிலுமாகத் தொட்டார். டக்கென்று ஒரு சத்தம். “உள்ள பாரும்மா,” என்றார்.

சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. கம்பியை எடுத்தார், எரிந்தது. தொட்டார், அணைந்தது.

பெட்டியைக் கழற்றினார். அதன் அடியில் இரும்பே தெரியவில்லை. பால் வெள்ளைப் பெயிண்ட், வழவழவென்று, இரண்டு கோட்டு. பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு அதன் பின்னாலிருந்த இரும்புச் சுவருக்கு அடித்து, காய்ந்ததும் அதன்மேல் திருகியிருக்கிறார்கள். திருகு போகும் ஓட்டைக்குள்ளும் பெயிண்ட். பக்கத்தில் ஒரு கம்பி வண்டி உடம்பைத் தொட வேண்டிய இடத்திலும் பெயிண்ட். எப்போதாவது ஒரு குலுக்கலில் லேசாகத் தொடும், பிறகு விட்டுவிடும்.

“முப்பது வருஷமா பாக்குறேன்,” என்றார் பாய், கத்தியால் சுரண்டிக்கொண்டே. “எஃப்.சி.க்கு முன்னாடி ஒரு மாசம் நமக்கு இந்த வேலைதான். வெளிய அடிங்கப்பா, யாரு வேணாங்குறா. யாரும்மா இதுக்குள்ள அடிக்கச் சொன்னது?”

மாமா முன் இருக்கையிலிருந்து வெடித்தார். கருப்பையாப் பயல் வரட்டும், வேலை தெரியாதவன், வண்டியையே கெடுத்துவிட்டான், இனி நம்ம வாசல் மிதிக்கட்டும் பார்க்கிறேன் என்று அந்த மனிதர் அத்தனை சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பாண்டி அண்ணனும் சேர்ந்துகொண்டார்.

நான் குழந்தையின் வாயைத் துடைத்தேன். துடைத்த வாயையே மறுபடி துடைத்தேன். ஏனென்றால் உள்ளே அடிக்கச் சொன்னது நான். மஸ்கட்டில் உட்கார்ந்து ஒரு வீடியோ பார்த்தேன். அதில் ஓர் அதிகாரி பானெட்டைத் திறந்து, துருவைப் பார்த்து முகம் சுளித்தார். அன்றைக்கே கருப்பையாவுக்குப் போன் போட்டேன். “உள்ளயா தங்கச்சி?” என்று அவர் இழுத்தார். ஒரு இடம் விடாமல் அடியுங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டு, இன்னொரு கோட்டு என்றேன்.

வெள்ளிக்கிழமை. விளக்கு எரியாமல் திண்டுக்கல் போய்ச் சேர்ந்தோம். பாண்டி அண்ணன் தேவையே இல்லாத இடத்திலெல்லாம் ஹாரன் அடித்தார். நான் தடுக்கவில்லை. அலுவலகத் திடலில் எங்களுக்கு முன்னால் வரிசையாக நின்ற எல்லா வண்டிகளிலும் புதுப் பெயிண்ட் வாசனை.

ஆய்வாளர் பழனிப் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. அவ்வளவு மரியாதை. விளக்கு, ஹாரன், கைகாட்டி, பிரேக், துடைப்பான், எல்லாவற்றையும் போடச் சொல்லிப் பார்த்தார். எல்லாம் வேலை செய்தன. பானெட்டைத் திறக்கச் சொன்னார். வண்டி உடம்பில் பொறித்திருக்கும் எண்ணின்மேல் தாளை வைத்து, பென்சிலால் தேய்த்து அச்செடுக்க வேண்டும். தேய்த்தார். தாள் சாம்பல் நிறமானது. எண் வரவில்லை.

“ஏனுங்கம்மா, நம்பரே தெரியலைங்களே,” என்றார். “பெயிண்ட் போயி எழுத்தெல்லாம் ரொம்பிப் போச்சுங்க.”

நம்பர் இல்லாமல் கையெழுத்துப் போட முடியாது, பன்னிரண்டு மணிவரை இருப்பேன், அதற்குள் சுத்தம் செய்து காட்டினால் பார்க்கிறேன், இல்லையென்றால் அடுத்த மாதம் வாங்க என்று அவர் அவ்வளவு அன்பாகச் சொன்னதால் எரிச்சல் இன்னும் கூடியது. மணி பதினொன்றரை.

மித்ராவை மாமாவின் நல்ல கால்மேல் உட்கார வைத்தேன். பாண்டி அண்ணன் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் வாங்க ஓடினார். அவர் வரும்வரை சும்மா நிற்க முடியவில்லை. வீட்டுச் சாவியை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்ட ஆரம்பித்தேன். எட்டா மூன்றா என்று தெரியாத ஓர் எண்ணை ரொம்பச் சுரண்டி, நானே அதை மாற்றிவிடுவேனோ என்று பயந்து நிறுத்தினேன். பிறகு பதிவுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துச் சுரண்டினேன். தின்னர் வந்தது. என் துப்பட்டாவின் ஓரம் துடைக்கும் துணியாயிற்று. அடுத்த வண்டிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, தம் பானெட்டைத் திறந்து தம் எண்ணைப் பார்க்கப் போனார். பிறகு அவரும் சாவியை எடுத்தார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஆய்வாளர் இரண்டாவது தாளை வைத்துத் தேய்த்தார். எண் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. “இப்ப சரிங்க,” என்று கையெழுத்துப் போட்டார். ஐந்து வருடத்துக்கு வண்டி ஓடலாம்.

நேராகப் பயிற்சிக்குப் போனோம். அது முடிந்து ஊர் திரும்பும்போது, செம்பட்டி தாண்டியதும், மாமா மறுபடி கருப்பையாவைத் திட்ட ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“மாமா, உள்ள அடிக்கச் சொன்னது நான்தான்.”



“தெரியும்மா,” என்றார், திரும்பாமல். “அன்னைக்கு அவன் நம்ம வாசல்லதான் உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தான். ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுனான். கரண்டு சாமான் இருக்குற எடம், அடிக்கப்படாதுன்னு அவன் போன வச்சதும் எங்கிட்டச் சொன்னான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“படிச்ச புள்ள சொல்லுதுல்ல, அடிடான்னேன்.”

பாண்டி அண்ணனின் தோள்கள் குலுங்கின. ஹாரன் அடிக்கக் காரணம் எதுவும் இல்லாத இடத்தில் ஒரு ஹாரன் அடித்தார்.

ஊர் முகப்பில் டீக்கடை. அங்கே நின்றிருந்த கருப்பையா கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். மாமா கண்ணாடியை இறக்கினார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கருப்பையாவுக்கு ஒரு டீ சொன்னார்.

“ஆயிருச்சாங்கய்யா?”

“ஆயிருச்சுப்பா.”

“ஆகாம? நம்ம அடிச்ச பெயிண்ட்டு அப்புடி. பானெட்டத் தொறந்த ஒடனே ஆபீசர் கையெழுத்துப் போட்ருப்பாரே.”

சொல்லிக்கொண்டே முன்னால் போய்ப் பானெட்டைத் தூக்கினார். அவர் முகம் அதற்குப் பின்னால் மறைந்தது. பிறகு எட்டிப் பார்த்தார். யாரோ அவர் பிள்ளையை அடித்துவிட்ட மாதிரி இருந்தது முகம்.

“எவன்யா இதச் சுரண்டுனது?”

மாமா என்னைப் பார்த்தார். நான் பாண்டி அண்ணனைப் பார்த்தேன். கருப்பையா விரலால் அந்த இடங்களைத் தடவிப் பார்த்து, தாமே ஒரு முடிவுக்கு வந்தார்.

“சரி விடுங்க. காலையில வாரேன். செத்த நேர வேல. ரெண்டு கோட்டு இழுத்து விட்டுர்றேன். காசெல்லாம் வேணாம்.”

“வேண்டாம்,” என்றோம் மாமாவும் நானும், ஒரே நேரத்தில்.

பெரிய மனிதர்கள் கூச்சத்தில் மறுக்கிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். பரவாயில்லை, தங்கச்சி ஊருக்குப் போவதற்குள் முடித்துவிடலாம் என்றார். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் சொன்னதைக் கேட்டு யார் அடித்தார் என்பதில் பேச்சு வந்து நிற்கும். மாமா டீயைக் குடித்தார்; நானும் குடித்தேன்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மாமா காரின் முன் இருக்கையில் கதவைத் திறந்துவைத்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காலைப் பலகாரத்தையும் மதியச் சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிக்கொண்டார். ஏன் என்று கேட்ட மாமியாரிடம், இங்கேதான் காற்று வருகிறது என்றார். கருப்பையா டப்பாவும் பிரஷ்ஷுமாக இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் மாமா அவரை உட்காரச் சொல்லி, ஊர்க் கதையெல்லாம் பேசி, பானெட்டைத் தொடவிடாமல் திருப்பி அனுப்பினார். மூன்றாவது முறை அவர் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும், மாமா வீட்டுப் பக்கம் திரும்பி என்னைக் கூப்பிட்டார். நான் மித்ராவைத் தூக்கிக்கொண்டு போய் பானெட்டின்மேல் உட்கார வைத்து, அவளுக்கு அங்கேயே சோறு ஊட்ட ஆரம்பித்தேன்.